திருமுக்கூடல் ஆதுலர் சாலை எவர்க்கு உரியது?

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் உள்ளது காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல். அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் (1063–1070) காலத்து நெடுங் கல்வெட்டொன்று உளது. ‘வீரசோழன்’ எனப் பெயரிய ஆதுலர் சாலைக்கு, அஃதாவது மருத்துவமனைக்கு, வகுத்த செலவினங்களை அதன் ஒரு பகுதி விரித்துரைக்கின்றது.

நோயாளர்க்குப் படுக்கைகள் 15. அவர்க்கு நாள்தோறும் நாழி அரிசி. இரவெல்லாம் எரியும் விளக்கு. நோய் ஆராய்ந்து மருந்து கூறும் மருத்துவர்க்கு ஆண்டுக்கு நெல் 90 கலமும் 8 காசும். அறுவை செய்வார்க்கு நெல் 30 கலம். மூலிகையும் விறகும் கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர் ஆகியோர்க்கும் ஊதியம் குறிக்கப்பெற்றுளது.

இத்தகைய சீரிய அமைப்பைக் கண்டு, இதனைப் பொதுமக்கள் அனைவர்க்குமான இலவச மருத்துவமனை எனக் கூறுவாரும் உளர். அக்கூற்று ஆராய்தற்குரியது. கல்வெட்டு, மருத்துவம் பெறுவோராக அங்குப் பயின்ற மாணாக்கரையும் கோயிற் பணியாளர் முதலியோரையுமே சுட்டுகின்றது. அறநிலையத்துக்கு வருவாய் அளித்த வயலைக்காவூரின் உழுகுடிகள் அவருள் எண்ணப்பெறவில்லை. கூறாமையால் மட்டுமே அவர்கள் விலக்கப்பட்டனர் எனத் துணிதல் பொருந்தாது. சேர்க்கப்பட்டனர் எனக் கொள்ளுதற்கும் சான்றில்லை.

ஆதலின், பண்டை நாளின் மருத்துவ நலத்தை மதிப்பிடப் புகுவோர் படுக்கைகளை எண்ணுவதோடு அமையாது, அவற்றிற்கு உரிமை பெற்றோர் யாவர் என்பதையும் வினவுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.