சேவையகக் கடிகார ஒத்திசைவு

சேவையகக் கடிகார ஒத்திசைவு என்பது, சர்வர்களின் கடிகாரங்களை ஒரு பொதுக் காலத் தரத்தோடு, இயங்கும் சேவைகள் தடைபடாதவாறு பொருத்தி வைக்கும் நடைமுறை. இதற்குப் பெரிதும் பயன்படும் என்.டி.பி. எனும் வலையமைப்பு நேர நெறிமுறையை டேவிட் மில்ஸ் உருவாக்கினார். முதல் ஆவணம் 1985இல் வந்தது. நான்காம் பதிப்பு 2010இல் வரையறுக்கப்பட்டது.

கணினியிலுள்ள குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு வெப்பநிலைக்கேற்ப மாறுவதால் நேரப்பிழை சேர்ந்துகொண்டே போகும். அதைத் திருத்தும் முறைகள் இரண்டு. நேரத்தை ஒரேயடியாக மாற்றுவது தாவல். கடிகாரம் பின்னோக்கித் தாவினால் தரவுத்தளப் பதிவுகளின் முன்பின் வரிசை குலையும். முன்னோக்கித் தாவினால் காத்திருக்கும் இணைப்புகள் காலாவதியாகலாம். கடிகார வேகத்தைச் சிறிதளவு கூட்டியோ குறைத்தோ பிழையைக் கரைப்பது மெல்லத் திருத்தல். வழக்கமான உச்சவரம்பு நொடிக்கு 500 மைக்ரோநொடி; எனவே ஒரு நொடிப் பிழை தீர 2,000 நொடிகள், அதாவது அரைமணிக்கும் மேல், ஆகும். பிழை 128 மில்லிநொடியைத் தாண்டி நீடித்தால் என்.டி.பி. நிரல் இயல்பாகத் தாவலையே நாடும். ஆகவே பெரிய பிழையைச் சேவைகள் தொடங்கும் முன்பே தீர்த்துவிடுவது பாதுகாப்பானது.

பொதுக் காலத் தரத்திலேயே வரும் மாற்றமும் சேவைகளைத் தடுக்கலாம்: 2012 ஜூன் 30 அன்று அதில் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட ஒரு நொடியான மிகைநொடி, லினக்ஸ் கருநிரலின் குறையால் பல இணையச் சேவைகளை முடக்கியது.

இந்தியாவில் பொதுக் காலத் தரமான இந்திய நேரம் 1906இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அதைப் பேணுவது புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். அவ்வாய்வகம் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றை மூலமாகக் கொண்டவற்றோடு, கணினிகளை ஒத்திசைக்குமாறு இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று நிறுவனங்களுக்கு ஆணையிட்டது.