சண்டை தேவைப்படாத காலத்தில் ஒரு சண்டைக்கலை

தற்காப்புக் கலை வகுப்பு நோட்டீஸ் எதை எடுத்தாலும் ஒரு பட்டியல் இருக்கும்: உடல்நலம், தன்னம்பிக்கை, மன அடக்கம். ஏதோ ஆயிரம் வருஷத்து ஞானம் மாதிரி அச்சடித்திருப்பார்கள். ஜூடோவைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலுக்கு ஒரு தேதியே உண்டு. 1889 மே மாதம்.

அதற்கு முன் கொஞ்சம் பின்னணி. 1876-ல் ஜப்பான் அரசு சாமுராய்கள் வாளோடு நடமாடுவதற்கே தடை போட்டது. ஜுஜுட்சு ஆசான்களுக்கும் பிழைப்பு போச்சு. பலர் எலும்பு முறிவு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (நம்ம ஊரிலும் சிலம்ப ஆசான் எலும்பு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.)

ஜிகோரோ கானோ 1860-ல் பிறந்தவர், சின்ன உருவம். பள்ளிக்கூடத்தில் நல்லா படிப்பார், நல்லா அடியும் வாங்குவார். அடி வாங்காமல் இருக்கத்தான் ஜுஜுட்சு தேடினார். அதுவும் எப்படி? எலும்பு வைத்தியர்களின் கடைகளாக ஏறி இறங்கி! 1877-ல் ஃபுகுடா ஹாச்சினோசுகே கிடைத்தார். இந்தப் பிடி எப்படிப் போடுவது என்று கேட்டால் அவர் விளக்கமாட்டார், மறுபடி தூக்கிப் போடுவார். டாக்குமென்டேஷனே இல்லாத கோடு வாசிப்பது போலத்தான்.

கானோ அதற்கு விளக்கம் எழுத ஆரம்பித்தார் என்றே சொல்லலாம். எதிராளியின் சமநிலையை முதலில் குலை, அப்புறம் வீசு என்பதை முறையாக்கினார். தன்னைவிடக் கனமான ஒரு சீனியரை வீழ்த்த மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகம் வரை புரட்டினார். 1882-ல் ஒரு புத்தர் கோயிலில், 12 பாய் விரித்த அறையில் கோடோகன் பள்ளியைத் தொடங்கினார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தான் முன்கோபி என்றும், பயிற்சியில் உடம்பு தேறத் தேற மனசும் அடங்கியது என்றும் அவரே பதிவு செய்திருக்கிறார். அடி வாங்காமலிருக்கப் போனவருக்குக் கோபம் குறைந்தது, கேட்காமலே கிடைத்த லாபம். அந்தச் சொந்த அனுபவத்தைத்தான் 1889-ல், கல்வி அமைச்சர் எனோமோட்டோவும் அமர்ந்திருந்த கல்விச் சங்கக் கூட்டத்தில், பள்ளிகளுக்கான வாதமாக வைத்தார்: உடற்பயிற்சி, போட்டி, மனப்பண்பு என மூன்று பயன்கள். வாளே இல்லாத நாட்டில் சண்டைக்கலை பிழைக்க இதைவிட நல்ல காரணம் ஏது?

போட்டி மட்டும் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. 1909 முதல் ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினராக இருந்தும், ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்க்க அவர் பெரிய ஆர்வம் காட்டவில்லை. 1938-ல் கப்பல் பயணத்தில் இறந்துபோனார்.

1964 டோக்கியோவில் ஜூடோ ஒலிம்பிக்குக்கு வந்தது. எடைப் பிரிவில்லாத போட்டியின் இறுதியில் ஜப்பானின் காமினாகாவை, கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரமுள்ள நெதர்லாந்துக்காரர் ஆன்டன் கீசிங்க் அமுக்கி ஜெயித்தார். ஜெயித்த அந்த நிமிஷமே அவர் ஊர்க்காரர்கள் கொண்டாட்டமாக மேடையை நோக்கி ஓடிவந்தார்கள். கீசிங்க் கையை உயர்த்தி அவர்களை அங்கேயே நிறுத்தினார். தோற்றவருக்குத் தலைவணங்குவது இன்னும் பாக்கி இருந்தது.