ஸ்க்ரூடிரைவர் போய் டப்பா வந்த கதை

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் வரும் ரோட்டில் பழைய பைக் மெக்கானிக் யாரையாவது கேட்டுப் பாருங்கள், கார்புரேட்டர் காலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். வண்டி மைலேஜ் தரவில்லையா? பிக்கப் இல்லையா? முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார். முனையில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெளுத்திருந்தால் குறைச்சல். செங்கல் நிறம் என்றால் சரி. அப்புறம் திருகைக் கால் சுற்று திருப்பிவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்பார். அவ்வளவுதான். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை முடிவு செய்தது அவர் காதும் வண்டிக்காரர் பர்ஸும்தான் :-)

அந்த உரிமை கைமாறியது எப்படி?

1980-ல் கவாசாகி தன் 1000 சிசி வண்டி ஒன்றில் எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷனைக் கொண்டுவந்தது. 1982-ல் ஹோண்டாவின் சிஎக்ஸ்500 டர்போ வந்தது. நம் ஊருக்கு அது வந்து சேர இன்னொரு கால் நூற்றாண்டு ஆனது. 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ. 2007-ல் பஜாஜ் பல்சர் 220 டிடிஎஸ்-எஃப்ஐ. இந்தப் பல்சர் விஷயம் வேடிக்கையானது. 2009-ல் பஜாஜ் அதே 220-ஐ மறுபடியும் கார்புரேட்டரோடு விற்க ஆரம்பித்தது! விலையும் குறைவு, சக்தியும் கொஞ்சம் கூடுதல். வாங்குகிறவர் கணக்கில் இன்ஜெக்ஷன் தோற்றுவிட்டது. தொழில்நுட்பம் எப்போதும் முன்னோக்கியே போகும் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அதே 2009-ல்தான் சென்னையின் ராயல் என்ஃபீல்டு, இன்ஜெக்ஷன் வைத்த கிளாசிக் 500-ஐ இங்கே விற்க வந்தது. இதில் திருகு கிடையாது. இசியு என்ற சின்ன கம்ப்யூட்டர், இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடும். புகைச் சட்டத்துக்காக, சீரான ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவை ஒட்டியே அது நிற்கப் பார்க்கும். இழுவை அதிகம் கிடைப்பது 13 பக்கத்தில். பையன்கள் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினால் காற்று கூடுதலாக நுழையும். ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கும்போது இசியு ஆக்சிஜன் சென்சாரைப் பார்ப்பதில்லை. மனப்பாடம் செய்த பழைய அட்டவணைப்படியே பெட்ரோல் ஊற்றும். வண்டி திக்கும், சூடாகும்.

இங்கேதான் டப்பா வருகிறது. அமெரிக்காவின் டைனோஜெட் கம்பெனி 1990-களிலேயே 'பவர் கமாண்டர்' விற்றது. நம் பக்கத்தில் பெங்களூர் ரேஸ் டைனமிக்ஸ் 'பவர்ட்ரானிக்' என்று ஒன்றைச் செய்தது. வயரை அறுக்க வேண்டாம். இன்ஜெக்டருக்கும் இசியுவுக்கும் நடுவே கப்ளரில் சொருகினால் போதும். கம்பெனி கணக்கை இடைமறித்து, இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். திருகிய மெக்கானிக்கின் வேலையை இப்போது லேப்டாப் செய்கிறது. காது மட்டும் இல்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்ததும் சாதாரண கம்யூட்டர் பைக்குகளும் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. இதற்கிடையே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை விளக்கியது. வாரண்டியும் சிக்கல்தான். காசு கொடுத்து வாங்கியவர் தன் வண்டிக்குப் பெட்ரோல் அளவு சொல்ல முடியாதா என்று கேட்டால், பின்னால் வருகிறவர் அந்தப் புகையைத்தானே சுவாசிக்கிறார் என்ற பதிலும் இருக்கிறது. இரண்டுமே நியாயம்தான்.

ஆனால் பெட்ரோலே மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்தால் அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால் 14.7 என்ற கணக்கு 13.5 பக்கம் இறங்கிவிடும். அந்த எத்தனால் எங்கோ தூரத்திலிருந்து வருவதும் அல்ல, கடலூருக்குப் பக்கத்து நெல்லிக்குப்பம் பாரி சர்க்கரை ஆலையிலும் வடிக்கிறார்கள். பழைய கிளாசிக் 500-க்குள் இருக்கும் அட்டவணைக்கு இது எதுவும் தெரியாது.