அயர்லாந்தின் அடுக்குமாடி மேலாண்மை நிறுவனங்கள்: 2011ஆம் ஆண்டுச் சட்டமும் அது தீர்க்காத கடனும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குபவருக்குச் சுவர்களுக்கு உட்பட்ட இடம் உரியதாகிறது. கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, வடிகால் ஆகியன யாருக்குரியவை? அயர்லாந்தில் இவ்வினா 2011 வரை பெரும்பாலும் கட்டுநரின் விருப்பத்திற்கே விடப்பட்டிருந்தது.

இதன் வேர் ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் உள்ளது. முழுவுரிமை நிலத்தை விற்கும்போது, பணம் செலவிட்டுப் பராமரிக்கும் கடமை அடுத்தடுத்து வாங்குவோரைக் கட்டுப்படுத்தாது என 1885ஆம் ஆண்டின் ஆஸ்டர்பெரி வழக்கு உறுதிப்படுத்தியது. ஆதலால் வீடுகள் நெடுங்காலக் குத்தகையாக விற்கப்பட்டன. பொதுப்பகுதிகளை வைத்திருக்க ஒரு மேலாண்மை நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. வீடு வாங்கியோர் அதன் உறுப்பினராயினர். நியூ சவுத் வேல்ஸ் 1961இலேயே அடுக்கு உரிமைக்கெனத் தனிச்சட்டம் இயற்றிக்கொண்டது. அயர்லாந்து அவ்வழியில் செல்லவில்லை. நம்மிடையே உள்ள குடியிருப்போர் சங்கத்தை மனத்திற்கொண்டு இதனை நோக்குதல் பொருந்தாது. இது நிறுவனச் சட்டத்திற்கு உட்பட்ட, இயக்குநர்களும் ஆண்டறிக்கையும் உடைய முழுமையான நிறுவனமாகும்.

நடைமுறையில் அந்நிறுவனத்தைத் தொடங்கியவரும் நடத்தியவரும் கட்டுநரே. கடைசி வீடு விற்ற பின்னரே பொதுப்பகுதிகள் கைமாறும் என ஒப்பந்தங்கள் கூறின. ஒரு வீட்டை விற்காது வைத்திருந்தாலே கைமாற்றம் தள்ளிப்போகும். ஆண்டறிக்கை அளிக்கத் தவறிய நிறுவனங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட நிறுவனத்தின் சொத்து, 1954ஆம் ஆண்டின் அரசுச் சொத்துச் சட்டப்படி அரசைச் சேரும். தம் வீட்டுப் படிக்கட்டு அரசுடைமையாகிவிட்டதை, வீட்டை விற்க முனையும் வரை உரிமையாளர் அறியாதிருக்கவும் கூடும்.

சட்டச் சீர்திருத்த ஆணையம் 2006இல் கலந்தாய்வு அறிக்கையையும் 2008இல் இறுதி அறிக்கையையும் வெளியிட்டது. 2009இல் மேலவையில் முன்வைக்கப்பட்ட மசோதா 2011 ஜனவரி 24 அன்று சட்டமாயிற்று. பிப்ரவரி 1 அன்று கீழவையே கலைக்கப்பட்டது என்பதிலிருந்து, அது எத்துணை நூலிழையில் தப்பியது என்பது விளங்கும். இச்சட்டப்படி, முதல் வீட்டின் விற்பனைக்கு முன்பே பொதுப்பகுதிகள் மேலாண்மை நிறுவனத்திற்கு மாற்றப்படல் வேண்டும். பெரும்பாலும் முடிவுற்ற பழைய தொகுப்புகளில் ஆறு மாதங்களுக்குள் மாற்றப்படல் வேண்டும். வீட்டுக்கு ஒரு வாக்கு. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் பொதுக்கூட்டத்தின்முன் வைக்கப்படும். எதிர்காலப் பெருஞ்செலவுகளுக்கான சேம நிதிக்கு வீடு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 200 யூரோ, அல்லது உறுப்பினர் ஒப்பும் வேறு தொகை, செலுத்தப்படும்.

உரிமை பற்றிய சிக்கலை இச்சட்டம் தீர்த்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் உரிமையுடன் கட்டடத்தின் குறைகளும் கைமாறின. கட்டுநரின் கடமையைச் சட்டம் நீக்கவில்லை. எனினும் 2008ஆம் ஆண்டு வீழ்ச்சிக்குப்பின் பல கட்டுநர் நிறுவனங்கள் நொடித்துப்போயிருந்தன. சட்டம் நடைமுறைக்கு வந்த ஏழாம் மாதத்தில், 2011 அக்டோபரில், தீப்பாதுகாப்புக் குறைபாட்டால் டப்ளினின் பிரையரி ஹால் குடியிருப்பிலிருந்து மக்கள் நீதிமன்ற ஆணையால் வெளியேற்றப்பட்டனர். அது தனியொரு நிகழ்வன்று. 1991க்கும் 2013க்கும் இடையே கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகளுள் 62,500 முதல் 1,00,000 வரை குறையுடையனவாக இருக்கலாம் என்றும், சீரமைப்புக்கு வீடு ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 25,000 யூரோ ஆகும் என்றும் 2022இல் அரசு அமைத்த பணிக்குழு மதிப்பிட்டது. ஆண்டுக்கு 200 யூரோ வீதம் சேமித்தால் அத்தொகை சேர 125 ஆண்டுகள் ஆகும்!

சேம நிதி தேய்மானத்தைக் கருதி வகுக்கப்பட்டது, கட்டுமானப் பிழையைக் கருதியன்று எனச் சட்டத்திற்கு ஆதரவாக வாதிடலாம். அவ்வாதம் சரியே. ஆயினும், குறையுள்ள சொத்தை ஏற்கும் நிறுவனத்திற்கு உறுப்பினரின் பணப்பையன்றி வேறு வருவாய் இல்லை என்பது 2011இலேயே தெரிந்த செய்தி. சீரமைப்புச் செலவை ஏற்க அரசு கொள்கையளவில் இசைந்தது 2023 ஜனவரியில். அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கிய இடைக்காலத் தீப்பாதுகாப்புத் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டியவை இம்மேலாண்மை நிறுவனங்களே.