மங்கையும் மைனரும்: இடைப்பருவம் உருப்பெற்ற வரலாறு

மனித வாழ்வைப் பருவங்களாகப் பகுத்துக் காணும் மரபு தமிழுக்குப் புதியதன்று. குழந்தையின் மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தோராம் திங்கள் வரையிலான வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக்கிப் பாடுவது பிள்ளைத்தமிழ். உலா இலக்கியமோ பெண்ணை ஏழு பருவத்தினளாக வரிசைப்படுத்துகிறது. பேதைக்கு 5 முதல் 7 வயது, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19, அரிவைக்கு 20 முதல் 25, தெரிவைக்கு 26 முதல் 31, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 என்பது பாட்டியலார் வகுத்த கணக்கு. ஆடவருக்கும் பருவப் பெயர்கள் உண்டு. அவற்றுள் ஒரு கணக்கு திறலோனுக்கு 15 என்றும் காளைக்கு 16 என்றும் ஒவ்வோர் ஆண்டையே ஒரு பருவமாக்குகிறது. சிறுவன் இளைஞனாகும் அந்த ஈராண்டு மாற்றம் அத்துணை விரைவானது என்பதை உணர்ந்தவர் வகுத்த கணக்கு அது எனலாம்.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவில் எழுவகைப் பெண்களும் வீதியில் பவனி வரும் சோழ மன்னனைக் காண நிற்கின்றனர். அவர்களைப் புலவர் காண்கிறார். பேதைக்கும் பெதும்பைக்கும் உள்ள வேற்றுமை நுட்பமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பேதையோ பெதும்பையோ தன் பருவத்தைத் தானே சொல்வதில்லை. குழந்தைமைக்கும் முதுமைக்கும் இடையே இத்தனை படிகளைக் கட்டிய கவிதை, அப்படிகளில் நின்றவளின் குரலைக் கேட்டதா என்பது வேறு வினா.

வாழ்க்கை அந்தப் படிகளைப் பொருட்படுத்தவில்லை. 1897இல் சுப்பிரமணிய பாரதியாருக்குத் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது 14. செல்லம்மாளுக்கு வயது 7. உலாக் கணக்கின்படி மணமகள் இன்னும் பேதைப் பருவத்தினள். இது அந்நாளில் வியப்புக்குரிய நிகழ்ச்சி அன்று, ஊர் வழக்கம். பேதை ஒரே நாளில் மனைவியானாள். சிலர் ஒரே நாளில் கைம்பெண்ணும் ஆயினர். இடையில் இருக்க வேண்டிய பெதும்பையும் மங்கையும் மடந்தையும் நிகண்டில் மட்டுமே இருந்தனர்.

இந்த இழப்பைத் தமிழ் உரைநடை தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டது. அ. மாதவையா 1892இல் விவேகசிந்தாமணி இதழில் 'சாவித்திரி சரித்திரம்' என எழுதத் தொடங்கி, பின்னர் 1903இல் 'முத்துமீனாக்ஷி' என்ற பெயரில் நூலாக்கிய கதை, இளம் வயதில் மணமாகிக் கைம்மை எய்திய ஒரு பெண் தன் வாழ்வைத் தானே கூறுவதாக அமைந்தது. எழுதியவர் ஆடவரே எனினும், உலாவில் காணப்பட்டவள் இங்குப் பேசுபவளாகிறாள்.

அதற்கு முன்பே பம்பாயில் ஒரு பெண் மெய்யாகவே பேசியிருந்தாள். பதினொரு வயதில் மணம் செய்விக்கப்பட்ட ருக்மாபாய், வளர்ந்தபின் கணவர் இல்லம் செல்ல மறுத்தார். கணவர் 1884இல் வழக்குத் தொடுத்தார். அறியாப் பருவத்தில் நடந்த மணத்தைக் காட்டி வளர்ந்த பெண்ணைக் கட்டாயப்படுத்தலாகாது என்னும் கருத்துப்பட நீதிபதி பின்ஹே 1885இல் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டுக்குப்பின் 1887இல் நிலை மாறிற்று. கணவரிடம் செல்க, இன்றேல் ஆறு மாதச் சிறை என்று ஆணை பிறந்தது. சிறை செல்வேன் என்றார் ருக்மாபாய். 1888இல் பணம் கொடுத்து வழக்குத் தீர்த்துக்கொள்ளப்பட்டது. அவர் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று மருத்துவராகத் திரும்பினார். அவ்வழக்கின் அடிப்படை வினா ஒன்றே: பேதைப் பருவத்தில் பிறர் செய்த முடிவு, வளர்ந்தவளைக் கட்டுப்படுத்துமா?

சட்டம் இவ்வினாவுக்கு எண்களால் விடை தேடிற்று. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் பெண்ணின் சம்மத வயதைப் பத்து என வைத்தது. வங்காளத்தில் பூல்மணி என்ற சிறுமி 1890இல் கணவனின் வன்செயலால் உயிரிழந்த பின்னரே, 1891இல் அவ்வயது பன்னிரண்டாயிற்று. இரண்டே ஆண்டு உயர்வுக்கு நாடெங்கும் எழுந்த எதிர்ப்பு பெரிது. பால கங்காதர திலகரும் எதிர்த்தோருள் ஒருவர். 1929இல் ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த சட்டம் திருமண வயதைப் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என விதித்தது. அது நடைமுறைக்கு வந்த 1930 ஏப்ரல் முதல் நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகத் திருமணங்கள் நடந்தன. பெண்ணின் வயது 1949இல் 15 ஆகவும், 1978இல் 18 ஆகவும் உயர்ந்தது. ஆணுக்கு 21 ஆயிற்று.

எண் மட்டும் பருவத்தைத் தந்துவிடவில்லை. அந்த ஆண்டுகளை நிரப்ப ஓரிடம் வேண்டும். அந்த இடம் பள்ளிக்கூடம். சகோதரி சுப்புலட்சுமி 11 வயதில் மணமாகி விரைவிலேயே கைம்பெண்ணானவர். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், இளம் கைம்பெண்களைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் கட்டிடம் அவர்களுக்கு விடுதியாயிற்று. அவர் கொடுத்தது கல்வி மட்டுமன்று. மனைவி என்றும் கைம்பெண் என்றும் வாழ்வு முடித்துவைக்கப்பட்ட சிறுமியருக்கு மங்கைப் பருவத்தையும் மடந்தைப் பருவத்தையும் திருப்பிக் கொடுத்தார். 1927இல் சென்னைச் சட்டமன்றம் புகுந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மருத்துவர் என்ற நிலையில் நின்று திருமண வயது உயர வேண்டுமென வாதாடினார்.

சிறுவரின் வரலாறு வேறு வழியிற் சென்றது. 1881இன் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுச் சிறுவனை ஆலையில் அனுமதித்தது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் என்பதே அது அளித்த சலுகை. மறுமுனையில், 1875இன் வயதுச் சட்டம் பொதுவாக 18இல் முதிர்ச்சி என்றும், நீதிமன்றப் பாதுகாவலர் உள்ளோர்க்கு 21 என்றும் வகுத்தது. தந்தையை இழந்த ஜமீன் வாரிசுகளின் சொத்து அவ்வயது வரும்வரை அரசின் கண்காணிப்பில் இருந்தது. இப்படித்தான் 'மைனர்' என்னும் சட்டச்சொல் தமிழ்ப் பேச்சில் புகுந்து, பொறுப்பின்றிப் பொருளை அழிக்கும் சொகுசுக்காரனைக் குறிக்கலாயிற்று; அவன் கழுத்துச் சங்கிலிக்கும் 'மைனர் செயின்' என்ற பெயர் வாய்த்தது. ஒரே வயதுடைய இருவருள் ஆலைச் சிறுவன் அதற்குள் முழு உழைப்பாளியாகிவிட்டான். ஜமீன் மகன் இன்னும் மைனர். இடைப்பருவம் என்பது முதலில் செல்வர்க்குக் கிடைத்த சொத்து என்பதற்கு அச்சொல்லே சான்று.

இன்று 14 வயதுவரை கட்டாயக் கல்வி உரிமை உண்டு. 1989 முதல் 18 வயதில் வாக்குரிமை உண்டு. 18 வயது நிரம்பாத மனைவியையும் சட்டம் காக்கும் என உச்ச நீதிமன்றம் 2017இல் தெளிவாக்கியது. பெண்ணின் திருமண வயதையும் 21 ஆக்க 2021இல் கொண்டுவரப்பட்ட மசோதா, 2024இல் மக்களவை கலைந்ததோடு காலாவதியாயிற்று. எனவே வாக்களிக்க 18, மணக்க ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என முதிர்ச்சிக்குப் பல வாயில்கள் இன்னும் உள்ளன. வீட்டாரை எதிர்த்து மணம் புரிந்து காவல் நிலையத்தில் நிற்கும் இளையோர்க்கு 'இருவரும் மேஜர்' என்ற ஒரு சொற்றொடரே அரணாகிறது. ருக்மாபாய்க்கு அந்த அரண் இருக்கவில்லை.

புலவர் படி கட்டினர். வழக்கம் அதைத் தகர்த்தது. சட்டமும் பள்ளியும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முயன்று அதை மீண்டும் எழுப்பின. பெதும்பைக்குப் பெயர் வைத்த மொழி நம்முடையது. அவள் தன்னைத்தானே சொல்லும் கவிதைக்கு அதே மொழியில் இடம் ஏராளமாக உண்டு.