கிராஃபீன் உற்பத்தி முறைகள்

கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகப் பிணைந்த, ஓரணுத் தடிமனே கொண்ட தாள் கிராஃபீன். இத்தகைய தாள்கள் அடுக்கடுக்காகப் படிந்ததே பென்சிலில் உள்ள கிராஃபைட். ஆகவே கிராஃபைட்டை உரித்தும் எடுக்கலாம், கார்பன் அணுக்களைச் சேர்த்துப் புதிதாக வளர்க்கவும் செய்யலாம்.

உரிக்கும் வேலை 1859-இலேயே தொடங்கிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு வேதியியலாளர் பெஞ்சமின் பிராடி, கிராஃபைட்டைப் பொட்டாசியம் குளோரேட்டுடன் கலந்து புகையும் நைட்ரிக் அமிலத்தில் இட்டுச் சூடாக்கினார். கழுவி உலர்த்தி, இனி மாற்றமில்லை என்னும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்தார். கிடைத்தது கிராஃபைட் ஆக்சைடு. அதிலுள்ள கார்பன் ஒரு புதிய வகை என்று நம்பி, அதற்குக் ‘கிராஃபான்’ எனப் பெயரிட்டார். 1958-இல் ஹம்மர்ஸும் ஆஃப்மனும் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கொண்டு இம்முறையை விரைவாக்கினர். ஜெர்மனியின் ஹான்ஸ்-பீட்டர் போம் 1962-இல் ஆக்சைடை ஒடுக்கி மிக மெல்லிய கார்பன் தாள்களைப் பெற்றார். இவ்வழி மலிவானது, ஆனால் வலையில் துளைகளும் எஞ்சிய ஆக்சிஜனும் தங்கிவிடுவதால் மின்கடத்தும் திறன் குறைகிறது.

2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவொசெலோவும் அமிலத்தையே நாடவில்லை. கிராஃபைட்டை ஒட்டுநாடாவில் ஒட்டி, மடித்துப் பிரித்து, மெலிந்த செதில்களைச் சிலிக்கான் தகட்டின்மேல் அழுத்தினர். தகட்டின் மேற்பரப்பில் 300 நானோமீட்டர் அளவுக்கு ஆக்சைடு இருந்ததால், ஓரணுத் தாள்கூட நிற வேறுபாட்டால் சாதாரண நுண்ணோக்கியில் தென்பட்டது. 2010 இயற்பியல் நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. இதைவிடக் குறையற்ற தாளைத் தரும் முறை அரிது. ஆயினும் கிடைப்பவை நுண்செதில்களே.

பரப்பு வேண்டுமென்றால் வளர்க்கத்தான் வேண்டும். 2009-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராட்னி ரூஃப் குழுவினர், சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் செம்புத் தகட்டின்மேல் மீத்தேனைச் செலுத்தினர். செம்பில் கார்பன் கரைவது மிகக் குறைவு. எனவே மேற்பரப்பு மூடியதும் வளர்ச்சி ஏறக்குறைய ஓரடுக்கோடு நின்றுவிடுகிறது. பின்னர் செம்பைக் கரைத்துத் தாளைப் பிரித்தெடுப்பர். மடிப்பும் கிழிசலும் விழுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அடுத்த ஆண்டே தென்கொரியாவில் 30 அங்குலத் தாள் உருவானது.

2012-இல் சென்னை ஐஐடியின் தலப்பில் பிரதீப் குழுவினர் சர்க்கரையை மணலின்மேல் கிராஃபீன்போன்ற கார்பனாக மாற்றி நீரைச் சுத்திகரித்தனர். டப்ளினில் ஜொனாதன் கோல்மன் குழுவினர் 2014-இல் சமையலறை மிக்ஸியையும் பாத்திரம் கழுவும் திரவத்தையும் கொண்டே கிராஃபைட்டை உரித்துக் காட்டினர். 2020-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டூர் குழு, நிலக்கரி முதல் பிளாஸ்டிக் கழிவுவரை மின்பாய்ச்சலால் நொடிக்கும் குறைவான நேரத்தில் கிராஃபீனாக்கியது.

அளவு பெருகிய வேகத்தில் தரம் பெருகவில்லை. 60 நிறுவனங்கள் கிராஃபீன் என்று விற்ற பொருள்களைச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வின்படி, பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 சதவீதத்துக்கும் குறைவு. எதிலும் அது 50 சதவீதத்தைத் தாண்டவில்லை.