சீனக்குடாவில் விழுந்த விமானமும் சென்னையின் ஓட்டமும்



தாம்பரத்தில் இருக்கும் நமக்கு விமானப்படைப் பயிற்சி விமானங்களின் இரைச்சல் பழகிவிட்டது. மாடியில் வடாம் காயப்போடுபவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. 1942 ஏப்ரலில் நிலைமை வேறு. வானத்தில் சத்தம் கேட்டாலே சென்னை நடுங்கியது. அந்த நடுக்கத்தின் தடயம் ஒன்று, இங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தெற்கே, இலங்கையின் திருகோணமலைக்கு அருகில் சீனக்குடாக் காட்டுக்குள் இன்றும் இருக்கிறது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. மார்ச்சில் ரங்கூனும் அந்தமானும் விழுந்தன. ஏப்ரல் 5-ல் கொழும்பு மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் குண்டுகள் விழுந்தன. ஏப்ரல் 9 காலை திருகோணமலையின் முறை. சீனக்குடாவில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டியிருந்த ராட்சத எண்ணெய் டேங்க்குகளில் ஒன்றின்மேல் ஒரு ஜப்பானிய விமானம் வந்து விழுந்தது. வேண்டுமென்றே மோதினார்களா, அடிபட்டு விழுந்ததா என்று இன்றும் பேசுகிறார்கள். நெருப்பு ஏழு நாள் எரிந்தது என்பார்கள். வெப்பத்தில் இளகிச் சரிந்த இரும்புத் தகடுகளை அகற்றாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2022-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் அங்குள்ள டேங்க்குகளை 14, 24, 61 என்று பிரித்தார்கள். கூட்டினால் 99. எரிந்துபோன டேங்க் எந்தப் பற்றிலும் இல்லை. வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இது கண்ணில் படாமல் போகுமா?

அடுத்த குறி சென்னைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசே அறிவித்தது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். எழும்பூரிலிருந்து தெற்கே போன ரயில்கள் எல்லாம் நம் தாம்பரத்தைத் தாண்டித்தான் போயின. சென்ட்ரல் அருகே இருந்த மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று பயந்து, சிங்கம், புலி போன்ற மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சாலையின் வாரிசுதான் 1985-ல் திறக்கப்பட்ட நம் வண்டலூர் பூங்கா.

எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான்.

இலங்கையில் உருகிய இரும்பு சாட்சியாக நிற்கிறது. போரில் இறந்த வீரர்களுக்கு நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் 850-க்கும் அதிகமான கல்லறைகள் இருக்கின்றன. மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் போகும்போது ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். ஆனால் மூட்டை முடிச்சோடு ஓடிய சாதாரணக் குடும்பங்களுக்கு எந்தக் கல்லும் இல்லை. அது வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அன்று ஐந்து வயதுக் குழந்தைக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், எந்த ஊருக்குப் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். சங்கச் செயலாளரிடம் கொடுத்தால் அடுத்த இதழில் வெளியிடலாம். இதைத் தள்ளிப்போட நமக்கு நேரமில்லை.